எத்தனையில் ஒன்று?

பி.எஸ்ஸி. கணிதம் எடுத்தவர்களுக்குப் புள்ளியியல் துணைப்பாடம். எங்கள் வாயில் அது ‘அலைடு’. மற்ற தாள்கள் காலை வாரிவிட்டாலும் அலைடு கரைசேர்த்துவிடும் என்பது சீனியர்கள் சொல்லிவைத்த வேதவாக்கு. குப்தாவும் கபூரும் எழுதிய தடிமனான புத்தகம்தான் பாடநூல். அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி வருவது தனிப் பயிற்சி.

முதல் சிக்கல் சீட்டுக்கட்டில் வந்தது. ‘நன்கு கலைக்கப்பட்ட 52 சீட்டுகளிலிருந்து’ என்று தொடங்கும் கணக்கு ஒவ்வொரு பயிற்சியிலும் உண்டு. வகுப்பில் பாதிப் பேர், குறிப்பாகப் பெண்கள், சீட்டைத் தொட்டதே இல்லை. தொட்டால் வீட்டில் அடி விழும். ஸ்பேடும் கிளாவரும் கறுப்பு, ஆட்டினும் டைமனும் சிவப்பு, வகைக்குப் பதின்மூன்று என்று பலகையில் படம் போட்டு விளக்கிவிட்டுத்தான் பேராசிரியர் சூத்திரத்துக்குப் போனார். சூதாட்டம் பாவம் என்று வளர்ந்த பிள்ளைகளுக்குச் சூதாட்டத்தில் பிறந்த கணக்கைச் சொல்லித்தர வேண்டியது அவர் தலையெழுத்து. 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டதே, பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்ற வழக்கைத் தீர்க்கத்தான்.

சீட்டு சரிப்படவில்லை என்று ஒருநாள் பித்தளைத் தாயக்கட்டைகளோடு வந்தார். கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். நான்காவது முகம் வெறுமை. உருட்டினால் 16 விதமாக விழலாம். தாயத்துக்கு ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறுமையும் வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஆக, எட்டில் ஒன்று. ஐந்துக்கும் அதுவே. ஆறும் பன்னிரண்டும் பதினாறில் ஒன்று. மறு உருட்டல் தராத மூன்றுதான் எல்லாவற்றையும்விட அதிகம் விழும், பதினாறில் நான்கு. வகுப்பே சிரித்தது. தாயம் ஆடியவர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்?

சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: “எட்டில் ஒண்ணுன்னா, எட்டு உருட்டலுக்குள்ள தாயம் விழுந்துடுமா?” விழும் என்று பல குரல்கள். எட்டில் ஏழை எட்டு முறை பெருக்கச் சொன்னார். 0.34 வந்தது. மூன்றில் ஒருவர் எட்டு உருட்டியும் காய் இறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். ஒன்பதாவது உருட்டலிலும் அவருக்கு வாய்ப்பு அதே எட்டில் ஒன்றுதான். முன்னால் ஏமாந்ததெல்லாம் கட்டைக்கு ஞாபகம் இருக்காது.

எங்கள் ஆச்சியின் தாயச் சித்தாந்தம் இதற்கு நேர் எதிர். “ஏட்டி, இத்தன வாட்டி ஏமாத்திட்டு, இனி விழாம எங்க போவும்?” என்றபடியேதான் எப்போதும் உருட்டுவாள். விடுமுறைக்குப் போனபோது அவளுக்கு இந்தக் கணக்கை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். “அப்போ எட்டுக்குள்ள விழும்னும் இல்ல, விழாதுன்னும் இல்ல. இதப் படிக்கவா காலேஜுக்கு பீஸு கெட்டுதோம்?” என்றாள். நிகழ்தகவைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

பிறந்தநாள் கணக்கு இன்னும் வேடிக்கை. 23 பேர் கூடியிருந்தால் அவர்களில் எவரோ இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். மனசு ஒப்புவதில்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் தன் பிறந்தநாளுக்கு ஜோடி தேடுகிறோம். கணக்கு தேடுவதோ யாருக்கும் யாருக்கும் இடையிலான ஜோடியை. 23 பேருக்குள் அப்படி 253 ஜோடிகள். சரி, நம் வகுப்பிலேயே பார்ப்போம் என்று பேராசிரியர் தேதிகளைக் கேட்டு எழுதத் தொடங்கினார். பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள்: “சார், எனக்கு ரெண்டு பிறந்தநாள். எதைச் சொல்ல?” பள்ளியில் சேர்க்க வயது நிரம்பவேண்டுமே என்று வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதி ஒன்று, அம்மாவுக்குத் தெரிந்த தேதி ஒன்று. அவள் மட்டுமல்ல, பலகையில் மே, ஜூன் மாதங்கள் மட்டும் பிதுங்கின. 365 நாளும் சமவாய்ப்பு உடையவை என்ற அனுமானம் அங்கேயே அடிபட்டது. தேதிகள் இப்படிக் குவிந்தால் ஜோடி சேரும் வாய்ப்பு கூடத்தான் செய்யும் என்றார் அவர். அன்றைய வகுப்பில் நான் உருப்படியாகக் கற்றது அதுதான்: விடைக்குக் கீழே யார் எழுதிய பதிவேடு இருக்கிறது என்று பார்ப்பது.

பேயஸ் தேற்றம் வந்தபோது இந்தப் புத்தி மறுபடி தேவைப்பட்டது. ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள நோய்; 99 சதவீதம் சரியாகச் சொல்லும் பரிசோதனை. உங்களுக்கு ‘உண்டு’ என்று வந்துவிட்டது. நோய் இருக்கும் வாய்ப்பு என்ன? தொண்ணூற்றொன்பது என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். பத்தாயிரம் பேரை நிறுத்திப் பாருங்கள். நோயாளிகள் பத்துப் பேர், அநேகமாக அனைவரும் அகப்படுவார்கள். நோயில்லாத 9,990 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் ஏறக்குறைய நூறு பேருக்கும் தப்பாக ‘உண்டு’ வரும். நூற்றுப்பத்துப் பேரில் பத்துப் பேருக்குத்தான் நோய், ஒன்பது சதவீதம். பரிசோதனையின் தரத்தைவிட, யாரைப் பிடித்துப் பரிசோதித்தார்கள் என்பது விடையை அதிகம் மாற்றுகிறது. அறிகுறியோடு வந்தவர்களை மட்டும் பார்த்திருந்தால் கீழே இருக்கும் எண்ணே வேறு. பயிற்சி மையங்களின் பேனர்களில் சிரிக்கும் முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் எனக்கு அந்தக் கேள்விதான்: மொத்தம் எத்தனை பேர் பணம் கட்டினார்கள்?

இரண்டாம் செமஸ்டரில் இந்த ருசி போய்விட்டது. கருதுகோள் சோதனைகள் சடங்காயின. பத்து எண்களைத் தருவார்கள். சராசரி, திட்டவிலக்கம், டி-மதிப்பு, அட்டவணை, கடைசியில் ‘நல் ஹைபோதிசிஸ் ரிஜெக்டட்’. அந்த டி-சோதனைக்குக் காரணமான வில்லியம் காசெட், டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர். வாற்கோதுமையைச் சில மாதிரிகளை மட்டும் வைத்து மதிப்பிடவேண்டிய நெருக்கடியில் பிறந்தது அது. சொந்தப் பெயரில் வெளியிட நிர்வாகம் விடாததால் 1908-இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற பெயரில் வந்தது. இதையெல்லாம் பின்னாளில் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் பத்து எண்களுக்கோ வயலும் இல்லை, ஆலையும் இல்லை. அவற்றை யார் எண்ணினார்கள் என்று கேட்க இடமில்லை.

மகாபாரதத்து நளன் கதையில் இருதுபன்னன் என்ற அரசன் தேரில் போகும்போது ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதன் இரண்டு கிளைகளில் 2,095 காய்கள் என்கிறான். சூதின் ரகசியமும் எண்ணும் வித்தையும் அறிந்தவன் அவன். பழைய சூதில் உருட்டியதே தான்றிக்காயைத்தான் என்பதால் இரண்டும் ஒரே இடத்தில் இருந்ததில் வியப்பில்லை. தேரோட்டியாக வேடமிட்டிருந்த நளன் நம்பவில்லை. தேரை நிறுத்துகிறான். சுயம்வரத்துக்கு நேரமாகிறது என்று அரசன் பதறுகிறான். வேண்டுமானால் வேறு சாரதியோடு நீங்கள் போங்கள், நான் எண்ணிவிட்டுத்தான் வருவேன் என்கிறான் நளன். அவ்வளவு வேகமாக ஓட்ட வேறு ஆளில்லாததால் அரசன் காத்திருக்க, நளன் மரத்தை வெட்டிச் சாய்த்து எண்ணிப் பார்க்கிறான். கணக்கு சரியாக இருக்கிறது.

எங்களுக்கு அந்த வசதி இல்லை. செமஸ்டர் தேர்வுக்கு முன் கை-ஸ்கொயர் பாக்கி இருந்தது.