மாடல் எண் 63

புது பிராசசர் ஒன்று கடைக்கு வந்ததுமே யாராவது கேட்டுவிடுவார்கள்: "இதையும் உங்கள் லைப்ரரியில் சேர்த்துவிடுங்களேன், ஒரு வரிதானே." மின்சக்தி அளக்கும் லைப்ரரியைப் பராமரிக்கிற எவருக்கும் இது பழகிப்போன பேச்சு. கேட்பவர் சொல்வதும் சரிதான். ஒவ்வொரு சிப்பும் தான் எந்தக் குடும்பம், எந்த மாடல் என்று சொல்லும். நம் நிரலில் அதற்கொரு பட்டியல் இருக்கும். அதில் புது எண்ணை எழுதினால் லைப்ரரி ஓடத் தொடங்கிவிடும்.

எனக்குக் கவலை பிறப்பது அங்கேதான். பட்டியலில் இல்லாத சிப்பைக் கண்டால் லைப்ரரி "தெரியாது" என்று நின்றுவிடும். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. பட்டியலில் ஏறிவிட்ட சிப்புக்கு அது ஒரு எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுதுவார், இன்னொருவர் எந்த சர்வரை வாங்குவது என்று முடிவெடுப்பார்.

இன்டெல் 2011-இல் சாண்டி பிரிட்ஜ் சிப்புகளோடு 'ராப்பல்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. சிப்புக்குள் ஒரு ரெஜிஸ்டர், செலவான ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போகும். வீட்டு ஈ.பி. மீட்டர் போலத்தான், இப்போதைய ரீடிங்கில் பழைய ரீடிங்கைக் கழித்தால் செலவு தெரியும். ஆனால் இதற்கு இடம் 32 பிட்தான். ஓர் எண்ணிக்கை 15.3 மைக்ரோஜூல் என்றால், 100 வாட் இழுக்கும் சிப்பில் 11 நிமிடத்துக்குள் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். மணிக்கொரு தரம் எட்டிப்பார்க்கும் நிரலுக்கு எத்தனை சுற்று போனது என்று தெரியவே தெரியாது.

அந்த 15.3 எங்கிருந்து வந்தது என்பதில்தான் வேலையே இருக்கிறது. அலகைச் சொல்ல இன்னொரு ரெஜிஸ்டர் உண்டு. சாண்டி பிரிட்ஜில் அதில் 16 என்று இருக்கும்: ஒரு ஜூலை இரண்டின் 16-ஆம் அடுக்கால், அதாவது 65,536-ஆல் வகுக்க வேண்டும். பின்னர் வந்த இன்டெலின் ஹாஸ்வெல் சிப்புகளில் 14, அப்போது ஓர் எண்ணிக்கை 61 மைக்ரோஜூல். இதுவரை சிக்கல் இல்லை, படித்துக் கணக்கிட்டால் போதும். மாடல் எண் 63, ஹாஸ்வெல்லின் சர்வர் வகை, இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. அதன் மெமரிக்கு மட்டும் அலகு எப்போதும் 15.3தான், அலகு ரெஜிஸ்டர் என்ன சொன்னாலும் சரி. ரெஜிஸ்டரை நம்பினால் மெமரியின் செலவு நான்கு மடங்காகத் தெரியும். 10 வாட் இழுக்கும் மெமரி 40 வாட் என்று காட்டும். சர்வருக்கு 40 வாட் நம்பக்கூடிய எண்தானே! 400 என்று வந்திருந்தால் பார்த்தவுடன் பிடித்துவிடலாம்.

சில்வர்மான்ட் வகை ஆட்டம் சிப்புகளில் அதே இடத்தில் இருக்கும் எண்ணுக்குப் பொருளே தலைகீழ்: வகுப்பதற்குப் பதில் மைக்ரோஜூலைப் பெருக்க வேண்டும். ஏ.எம்.டி.யின் ஜென் 2017-இல் வந்தபோது ரெஜிஸ்டர் முகவரிகளே வேறு. அங்கே ஒவ்வொரு கோருக்கும் தனிக் கணக்கு உண்டு, அருமையான வசதி. ஆனால் ஒரு கோரின் இரண்டு திரெட்டுகளும் ஒரே கணக்கைத்தான் காட்டும். லினக்ஸ் ஒவ்வொரு திரெட்டையும் தனி சிபியுவாகக் காட்டுவதால், எல்லாவற்றின் கணக்கையும் வரிசையாகக் கூட்டினால் செலவு இரட்டிப்பாகிவிடும்.

ஆகவே, ஆவணத்தைப் படித்து முடித்த பிறகும், சிப்பைச் சும்மா விட்டு ஒருமுறை, எல்லாக் கோர்களையும் ஓட்டி ஒருமுறை, மெமரியை மட்டும் வதைத்து ஒருமுறை பார்க்கவே வேண்டும். பிளக்கில் ஒரு வாட் மீட்டரும் வேண்டும். ஃபேன், டிஸ்க், பவர் சப்ளை விரயம் எல்லாம் சேர்ந்து மீட்டர் எப்போதும் கூடுதலாகவே காட்டும். சிப்பின் கணக்கும் மீட்டரும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதுதான் கேள்வி. சிப்பின் கணக்கு மீட்டரைத் தாண்டினால் அலகோ கூட்டலோ தவறு, சந்தேகமே வேண்டாம்.

2020-இல் இன்னொரு வேலை சேர்ந்துகொண்டது. இந்த ரெஜிஸ்டர்களைக் கவனித்தே ரகசியச் சாவிகளைத் திருடலாம் என்று 'பிளாட்டிபஸ்' என்ற ஆய்வு காட்டியது. அதன்பின் லினக்ஸ் இந்த எண்களை ரூட் பயனருக்கு மட்டும் என்று பூட்டியது. அந்தப் பூட்டு நியாயமானது. ஆனால் அனுமதி கிடைக்காதபோது பூஜ்யத்தைத் திருப்பிக் கொடுக்கும் லைப்ரரி, அந்தப் பூஜ்யத்தை யாரோ ஒருவருடைய சராசரிக்குள் தள்ளிவிடுகிறது. எனவே புது மாடலைச் சேர்க்கும்போதெல்லாம் சாதாரணப் பயனராக நுழைந்தும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன், வருவது பிழைச் செய்திதானா என்று.