நங்கூரத்துக்கும் உண்டு பிடித்தம்!

மலை ஏறிப் போனவன் நங்கூரத்தைப் பற்றி எழுதுகிறான் என்றால் சந்தேகப்படத்தான் செய்வீர்கள். விஷயம் இருக்கிறது சார்.

கல்வராயன் மலையில் கரியாலூர் படகுத்துறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். மிதிபடகில் ஒரு புது ஜோடி. மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். காற்று தன் வேலையைப் பார்த்தது. பேச்சு முடிவதற்குள் படகு கரையோரப் புதரில்! எல்லோரும் சிரித்தோம். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

காரணம், ரிட்டயர் ஆன பணத்தில் ஒரு சின்ன ஃபைபர் படகு வாங்கியிருக்கிறார். மலையடிவாரத்துக் கோமுகி அணையில் பங்குக்கு மீன் பிடிக்கிறார். நீச்சல் தெரியாது. அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மீன் வராட்டிப் போவுது தம்பி, மனுஷன் வரணும்" என்றார். நங்கூரம் வாங்கும் பொறுப்பு பி.காம். படித்த என் தலையில்! (முதல் பில் லைஃப் ஜாக்கெட்டுக்கு. அதில் பேரமே கிடையாது.)

"காசு எதுக்கு மாப்ள? ஒரு கல்லைக் கட்டிட்டாப் போச்சு" என்றார் மாமா.

கல்லைக் கேவலமாக நினைக்கக் கூடாது. துவாரகைக் கடலுக்கடியில் 1980-களில் ஆராய்ச்சி செய்தவர்கள் எடுத்ததே துளை போட்ட கல் நங்கூரங்கள்தான். ஆனால் நம் சம்பளம் மாதிரி கல்லுக்கும் பிடித்தம் உண்டு. கரையில் 10 கிலோ கருங்கல், தண்ணீருக்குள் போனால் சுமார் 6.3 கிலோதான். மீதியைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. அதே 10 கிலோ இரும்பு? சுமார் 8.7 கிலோ கைக்கு வரும்!

அதற்காகக் கனமான இரும்பாகப் பார்த்து வாங்கிவிடவும் கூடாது. நங்கூரம் எடையால் மட்டும் நிற்பதில்லை. தரையைக் கவ்வி நிற்கிறது. கயிறு தரையோடு படுத்து இழுத்தால் கவ்வும். செங்குத்தாக இழுத்தால் பெயர்ந்து வந்துவிடும். ஆகவே கயிறுதான் முக்கியம். மாமா வலை போடும் இடத்தில் ஆழம் 8 அடி. படகின் மூக்கு தண்ணீருக்கு மேல் 1 அடி. ஆக 9. ஐந்து மடங்கு என்றால் 45 அடி. காற்று வீசினால் ஏழு மடங்கு, 63 அடி. நங்கூரத்தை ஒட்டி நாலைந்து அடி சங்கிலி சேர்த்தால் இழுப்பு தாழ்வாகவே இருக்கும்.

அடுத்தது தரை. வண்டல் என்றால் அகலத் தகடு வைத்த நங்கூரம் மண்ணுக்குள் புதைந்து பிடிக்கும். பாறை, மரக்கட்டை என்றால் நாலு கொக்கி நங்கூரம். கிணற்றில் விழுந்த வாளியை எடுப்போமே, பாதாளக் கரண்டி, அதன் அண்ணன். இது மாட்டிக்கொண்டால் லேசில் வராது. அதற்கும் வழி உண்டு. கயிற்றை அடிப்பக்கம் கட்டி, மேல் வளையத்தோடு ஒரு மெல்லிய நூல்கயிற்றால் பிணைத்துவிட வேண்டும். மாட்டிக்கொண்டால் நேர் மேலே நின்று வெடுக்கென்று இழுத்தால் நூல் அறும்; கொக்கி பின்பக்கமாகக் கழன்று வரும்.

ஐந்தடிக்கும் குறைந்த சேற்றுத் தண்ணீரா? நங்கூரமே வேண்டாம். ஒரு மூங்கில் கழியை ஊன்றிப் படகைக் கட்டினால் போதும். இதையே அமெரிக்காவில் பட்டனைத் தட்டினால் இறங்கும் கம்பியாக்கி லட்சக்கணக்கில் விற்கிறார்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கட்டுவது படகின் மூக்கில்தான். பின்பக்கம் கட்டினால் அலை நேராக உள்ளே ஏறும். சின்னப் படகு மூழ்க அது போதும். அவசரத்துக்குக் கயிற்றை அறுக்கக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கத்தியும் இருக்கட்டும்.

எல்லாம் வாங்கி முடித்து, கயிற்றை அளந்து பார்த்த மாமாவுக்கு அதிர்ச்சி.

"அறுபத்து மூணு அடியா? முழுசா ரொம்பினாலே அணை 46 அடிதான் மாப்ள!"

"ஒன்பது அடி தண்ணிக்கு மாமா. மிச்சம் அத்தைக்கு!"