ரிச்சி தெருவில் காதைத் தீட்டிக்கொண்டு நடங்கள்!

சென்னை அண்ணா சாலையில், அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடையில் ரிச்சி தெரு வந்துவிடும். பறக்கும் ரயிலில் வருபவர்களுக்குச் சிந்தாதிரிப்பேட்டை நிலையம் பக்கம். பெயர்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துத் தெருக்களையும் சேர்த்துக்கொண்டு பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தையாகவே பரந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை.

ஒரு காலத்தில் பழைய கிராமபோன் தட்டு தேடுகிறவர்கள் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். 1985-ல் அது தீயில் எரிந்துபோனது. இன்று ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் என்றால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது ரிச்சி தெருதான்.

சனிக்கிழமை காலை. அட்டைப்பெட்டி அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று, “ஓரம், ஓரம்” என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகிறது. இந்தக் கடையில் பக்திப் பாட்டு, எதிர்க்கடையில் குத்துப்பாட்டு. நடுவில் நிற்பவருக்கு இரண்டும் புரியாது.

செங்கல்பட்டிலிருந்து வந்த ஒரு அப்பாவும் கல்லூரியில் படிக்கும் மகளும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறார்கள். அப்பாவின் துணிப்பையில் இரண்டு கேசட்டுகள். ஒன்றில் சினிமாப் பாட்டு. இன்னொன்றில் 1988-ல் பதிவு செய்த அவருடைய அம்மாவின் தாலாட்டு. அம்மா இன்று இல்லை. வீட்டு டேப் ரிக்கார்டரும் எப்போதோ பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. ஹாலுக்குப் புது ஸ்பீக்கர் செட், கேசட்டுக்குப் பழைய டெக் வாங்கத்தான் இந்தப் பயணம்.

முதல் கடையில், ‘10,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று மின்னும் பெட்டி.

“ஆர்.எம்.எஸ். எவ்வளவுண்ணா?” என்கிறாள் மகள்.

கடைக்காரர் சிரித்துவிடுகிறார். “விவரமாத்தான் வந்திருக்கீங்க. நாப்பதும்மா.”

பி.எம்.பி.ஓ. என்பது கண நேர உச்சத்துக்குச் சொல்லும் கணக்கு. அதற்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. தொடர்ந்து தரும் சக்தியைச் சொல்வது ஆர்.எம்.எஸ். சாதாரண ஹாலுக்கு நாற்பது வாட்ஸ் தாராளம். ஸ்பீக்கரைத் தனியாக வாங்கினால் ஓம்ஸ் கணக்கையும் பாருங்கள். 8 ஓம்ஸுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும் ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டினால் அது சூடேறிக் கெட்டுப்போகலாம்.

கேட்டுப் பார்க்கக் கடைக்காரரின் பாட்டு வேண்டாம். உங்களுக்குத் தலைகீழாகத் தெரிந்த பாட்டைப் போனில் கொண்டுபோங்கள். பேஸ் பூஸ்ட்டை அணைக்கச் சொல்லுங்கள். குறைந்த சத்தத்திலும் வார்த்தை தெளிவாகக் கேட்கிறதா என்பதுதான் பரீட்சை. பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும். வாரன்டி கம்பெனியுடையதா, கடையுடையதா என்றும் கேட்டுவிடுங்கள்.

பழைய பொருள் என்றால் கண், காது, கை மூன்றுக்கும் வேலை. வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான். சுத்தம் செய்தால் போய்விடும். பாட்டே இல்லாமல் ‘ங்ங்ங்’ என்று இரைந்தால் யோசியுங்கள். ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றி, ஓரத்து ஃபோம் வளையத்தை மெல்லத் தொடுங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் செலவு காத்திருக்கிறது. பின்பக்கத்தில் வோல்டேஜும் பாருங்கள். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120, நம் வீட்டில் 230. அந்த ஊருக்கென்று செய்ததை நேராகச் செருகினால் புகைதான் வரும்.

அடுத்தது டெக். “கேசட்டைக் குடுங்க சார், போட்டுக் காட்றேன்” என்கிறார் பழைய சாமான் கடைக்காரர்.

அப்பாவின் கை அம்மாவின் கேசட்டைத்தான் முதலில் எடுக்கிறது. மகள் தடுக்கிறாள். “அது வேண்டாம்ப்பா. பாட்டு கேசட்டைக் குடுங்க.”

இரண்டு நிமிடம் நன்றாகப் பாடிய டெக், குரலை இழுக்க ஆரம்பிக்கிறது. சட்டென்று நிறுத்தித் திறந்தால், உள்ளே நாடா சுருண்டு சிக்கிக் கிடக்கிறது. நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை காய்ந்து இறுகிப்போயிருந்தது.

“ரப்பர் மாத்தினா சரியாயிடும் சார்.”

அப்பா பதில் சொல்லவில்லை. பையில் இருந்த இன்னொரு கேசட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

மூன்றாவது கடையில் கிடைத்த டெக் இரண்டு பக்கமும் சீராகப் பாடியது. முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார்கள். புது பெல்ட் போடச் சொன்னார்கள். கோளாறு வந்தால் ஏழு நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பில்லிலேயே எழுதி வாங்கினார்கள். அதற்குப் பிறகுதான் பேரம்.

கிளம்பும் நேரத்தில் மகள் ஒரு சின்ன ஆடியோ கேபிளையும் வாங்குகிறாள்.

“இது எதுக்கும்மா?”

“டெக்கு எத்தனை நாள் ஓடுமோ தெரியாதுப்பா. பாட்டியை முதல்ல கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம். அப்புறம் எல்லார் போன்லயும் போட்டுக்கலாம்.”

ஊர் திரும்பும் ரயிலில் டெக் மகளின் மடியில் இருந்தது. துணிப்பையை மட்டும் அப்பா யாரிடமும் கொடுக்கவில்லை.