சுதந்திர மண்டபமும் நம் துறைமுகமும்

கொழும்பிலே சுதந்திரச் சதுக்கத்தில் அமைந்துள்ள நினைவு மண்டபத்தைக் காணும்பொருட்டு, மேல்வகுப்பு மாணாக்கர் சிலரை அழைத்துக்கொண்டு சென்றிருந்தோம். சுவரில்லாத மண்டபம் அது. நாற்புறமும் காற்று தடையின்றி உலாவுகின்றது. வரிசை வரிசையாகத் தூண்கள், சுற்றிலும் கற்சிங்கங்கள், முன்றிலிலே முதற் பிரதமர் டீ. எஸ். சேனநாயக்கவின் சிலை. அந்நண்பகலில் அங்கிருந்தோருட் பலர் வரலாறு நாடி வந்தோரல்லர், நிழல் நாடி வந்தோரே. அதுவும் குற்றமன்று.

கண்டி அரண்மனையிலுள்ள மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபத்தை மாதிரியாகக் கொண்டு இது கட்டப்பெற்றது. கண்டி இராச்சியத்தை ஆங்கில முடிக்கு ஒப்புவித்த உடன்படிக்கை 1815 மார்ச் 2ஆம் நாள் வாசிக்கப்பெற்றது அந்த மண்டபத்திலேதான். உரிமை பறிபோன இடத்தின் வடிவத்தையே உரிமை மீண்டதற்குச் சின்னமாகத் தெரிந்தெடுத்தமை நுண்ணிய செயலென்றே நாம் கருதுகின்றோம். 1948 பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திரம் வந்தது. 10ஆம் நாள் குளொஸ்ரர் கோமகன் இவ்விடத்திலே பாராளுமன்றத்தைத் தொடக்கிவைத்தார்.

இவற்றை நாம் விளக்கிக்கொண்டிருக்கையில், கடற்றொழிலாளர் வீட்டு மாணவன் ஒருவன், “அண்டைக்கே எங்கட துறைமுகத்தை விட்டும் அவங்கள் போயிட்டாங்களோ, சேர்?” என்று வினவினான்.

போகவில்லை. 1947 நவம்பரிற் கைச்சாத்தான பாதுகாப்பு உடன்படிக்கையின்படி பிரித்தானியக் கடற்படை திருகோணமலையிலேயே இருந்தது. கிழக்குக் கடலில் இத்தகைய இயற்கைத் துறைமுகத்தை எவர்தாம் எளிதில் விடுவர்? 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் நம்மூர்மீது குண்டு பொழிந்ததும் இதன்பொருட்டே. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, தளத்தை மீட்கப் பேச்சு நடத்தினார். 1957 ஒக்ரோபர் 15ஆம் நாள் அது இலங்கையிடம் கையளிக்கப்பெற்றது. மாணவர்கள் விரல்விட்டு எண்ணினர். கொழும்புக் கல்லிலுள்ள சுதந்திரம் நம் துறைமுகத்துக்கு வந்துசேர ஒன்பது ஆண்டும் எட்டுத் திங்களும் சென்றன.

வந்த விதமும் வேறு. எம் பாட்டனார் டொக்யாட்டிலே தச்சுத் தொழில் செய்தவர். அந்நாளில் மகிழ்ந்தீர்களா என்று சிறுவயதில் அவரைக் கேட்டோம். “சந்தோசம் எண்டுதான் எல்லாரும் சொன்னனாங்கள், தம்பி. அடுத்த மாசச் சம்பளத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை” என்றார். தளத்தை நம்பி உலைவைத்த வீடுகள் இந்நகரிலே பல. தாம் விரும்பிய விடுதலையே தம் பிழைப்பையும் கொண்டுபோன அவ்வீட்டாரின் கதை எந்தத் தூணிலும் செதுக்கப்படவில்லை. பாடநூலிலும் நாம் கண்டதில்லை.

ஊர் திரும்பியபின் மாணவர்கள் தத்தம் வீட்டு முதியோரிடம் இதுபற்றிக் கேட்டு எழுதத் தொடங்கியுள்ளனர். 1957இற் பத்து வயதினராயிருந்தோர் இன்று எண்பதை அண்மிவிட்டனர். இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணாக்கருள் அந்நாளைக் கண்டவர் எவரேனும் இருப்பின், நான்கு வரியேனும் எழுதிக் கல்லூரிக்கு அனுப்பிவைப்பாராக. எழுத இயலாதோர் சொல்லியனுப்பினால், மாணவர்கள் வீடுதேடி வந்து கேட்டு எழுதிக்கொள்வர்.