கோஷியெனிற் கண்ட தோள்வலி

யப்பான் நாட்டின் ஒசாக்கா நகரத்துக்கும் கோபே துறைமுகத்துக்கும் இடையில், கடலை அணுகி, நிசினோமியா என்றோர் ஊர் உளது. ஒசாக்காவின் உமேதா நிலையத்தில் ஹான்சின் மின்சார இரயிலேறினால் கால்மணி நேர அளவில் ஆங்குச் சேரலாம். வடக்கே றொக்கோ மலைத்தொடர், தெற்கே கடல், நடுவே பசுங்கொடி படர்ந்த சுவர்களையுடைய பெரியதொரு விளையாட்டரங்கு. அதுவே கோஷியென். யப்பானியப் பள்ளி மாணவரிற் பந்து பிடிக்கத் தெரிந்தவன் எவனும் வாழ்நாளில் ஒரு முறையேனும் இதன் மண்ணை மிதிக்க வேண்டுமென்று கனவு காண்பான்.

பெயரின் வரலாறு நம்மவர்க்குச் சுவை பயப்பது. நாம் பிரபவ முதல் அட்சய ஈறாக அறுபது ஆண்டுகளை வட்டமாகக் கொள்வதுபோலச் சீனரும் யப்பானியரும் அறுபதாண்டு வட்டமொன்றைக் கொண்டுள்ளனர். அவ்வட்டத்தின் முதலாண்டு ‘கோஷி’ எனப்படும். 1924ஆம் ஆண்டு அத்தகைய முதலாண்டாக அமைந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி இவ்வரங்கு திறக்கப்பட்டமையால், ‘கோஷி’ என்பதோடு தோட்டம் எனப் பொருள்படும் ‘என்’ சேர்ந்து கோஷியென் ஆயிற்று.

நாம் சென்றது ஆகஸ்ட் மாதத்திலே. கல்லூரிகளுக்கெல்லாம் விடுமுறைக் காலம். யாழ்ப்பாணத்துக் கோடையிற் பழகிய நமக்கே அவ்வெயில் கடுமையாக இருந்தது. நிலையத்தை விட்டு வெளிவந்ததும் மக்கள் வெள்ளம். தாத்தாவின் கையைப் பற்றிய பேரன், பள்ளிச் சீருடையணிந்த சிறுமியர், கைவிசிறியோடு வந்த மூதாட்டியர் என எல்லா வயதினரும் அதிற் கலந்திருந்தனர். உள்ளே பையிலிட்ட பனிக்கட்டித் துண்டுகளைக் கூவி விற்கின்றனர். அதனைத் தலையில் வைப்பாரும், உருகியபின் பருகுவாரும் உளர். நாமும் ஒன்று வாங்கினோம். முதலிற் பிடரியில் வைத்தோம்.

மண்ணும் மரபும்

இங்கு ஆடப்பெறுவது பேஸ்போல். கோடைப் போட்டி 1915இல் வேறோரிடத்தில் தொடங்கி, அரங்கு எழுந்த 1924ஆம் ஆண்டிலேயே இங்கு வந்து சேர்ந்தது. மாகாணந்தோறும் வென்ற பள்ளியொன்று வரும். பரப்பிற் பெரிய ஹொக்கைடோவும் சனத்தொகையிற் பெரிய ரோக்கியோவும் இவ்விரண்டு பள்ளிகளை அனுப்பும். ஆக 49 அணிகள். ஒரு முறை தோற்றால் ஊர் திரும்ப வேண்டியதுதான். பட்டம் பெற விரும்புவோர் ஏறக்குறைய இரண்டு வாரங்களுள் ஐந்து அல்லது ஆறு ஆட்டங்களை வெல்லல் வேண்டும்.

ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் சங்கு ஊதப்படுகிறது. ஆகஸ்ட் 15ஆந் திகதி நண்பகலில் ஆட்டத்தை நிறுத்திப் போரில் இறந்தோரை நினைந்து அனைவரும் மௌனமாய் நிற்பர். போர்க்காலத்தில் இவ்வரங்கின் இரும்புக் கூரையும் உலோகத் தேவைக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. போட்டியும் சில ஆண்டுகள் நடைபெறவில்லை.

தரையின் கரிய மண்ணோடு வெண்மணல் கலந்துள்ளனர். தோற்ற அணியின் மாணவர் முழந்தாளிட்டு, கண்ணீரோடு அம்மண்ணைக் கையால் வாரிப் பைகளில் நிரப்பிச் செல்வது மரபு. 1958இல் ஒக்கினாவாத் தீவின் சூரி உயர்நிலைப் பள்ளி இங்கு வந்து தோற்றது. அப்போது அத்தீவு அமெரிக்கர் ஆட்சியில் இருந்தமையால், மாணவர் கொண்டுசென்ற மண் அயல்நாட்டு மண்ணாகக் கணிக்கப்பட்டுக் கடலில் எறியப்பட்டது. செய்தியறிந்த விமானப் பணிப்பெண்கள் கோஷியெனின் கூழாங்கற்களைத் திரட்டி அப்பள்ளிக்கு அனுப்பினர். கல்லுக்குத் தடையில்லையன்றோ!

எறிபவனின் தோள்

கிறிக்கெற் அறிந்த நம் வாசகர்க்கு ஓர் வேற்றுமையைச் சொல்லுதல் வேண்டும். கிறிக்கெற்றிற் பந்துவீச்சாளன் ஆறு பந்து வீசியதும் வேறொருவன் பந்தை வாங்குவான். பேஸ்போலில் அவ்வாறில்லை. மேட்டில் நிற்கும் எறிவீரனே அறுபதடி ஆறங்குலத் தொலைவிலிருந்து, அடிப்பவன் ஒவ்வொருவனுக்கும், ஒன்பது சுற்றும் எறியலாம். மாற்றுவது பயிற்சியாளரின் விருப்பம். ஓட்டத்தின் உதவியுமில்லை. நின்ற நிலையிற் காலை உயர்த்தி, இடுப்பைத் திருப்பி, உடலின் விசை முழுவதையும் தோள்வழியே முழங்கைக்கும் விரலுக்கும் செலுத்துகிறான். ஓர் ஆட்டத்தில் நூறு, நூற்றைம்பது முறை அவ்வாறு செய்கிறான்.

தமிழில் ‘வலி’ என்னுஞ் சொல்லுக்கு வலிமை என்றும் நோவு என்றும் இரு பொருள் உண்டு. கோஷியெனின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அவ்விரு பொருளும் ஒரே தோளில் அமர்ந்திருக்கக் காண்கின்றோம்.

1933இல் நடந்த அரையிறுதி ஆட்டம் 25 சுற்று நீண்டது. சுக்கியோ வணிகப் பள்ளியின் யோசிதா மசாவோ ஒருவரே 336 பந்தெறிந்து தம் அணியை வெல்வித்தார். 1969 இறுதியாட்டத்தில் மிசாவாப் பள்ளியின் ஓத்தா கோஜி 18 சுற்றில் 262 பந்தெறிந்தும் வெற்றி தோல்வியில்லை. மறுநாள் மறு ஆட்டத்திலும் அவரே எறிந்து தோற்றார். 1998 ஆகஸ்ட் 20இல் யொக்கோஹாமாப் பள்ளியின் மட்சுசாக்கா டைசுகே 17 சுற்றில் 250 பந்தெறிந்தார். நாடு அவர்களைப் போற்றியது, இன்றும் போற்றுகிறது.

1991ஆம் ஆண்டின் கதை வேறு. ஒக்கினாவா மீன்வளப் பள்ளியின் ஒனோ ரின் என்னும் மாணவர் முழங்கையில் முன்னரே நோவுற்றிருந்தும் ஆறு ஆட்டங்களில் 773 பந்துகளை எறிந்தார். அணி இறுதியாட்டம் வரை சென்று தோற்றது. போட்டி முடிந்தபின் பரிசோதித்தபோது முழங்கை எலும்பு முறிந்திருந்தமை தெரியவந்தது. அவர் மீண்டும் எறிவீரராக மேட்டில் ஏறவில்லை. பிற்காலத்தில் வெளிக்களத்து வீரராகத் தொழில்முறை அணியிற் சேர்ந்தாராயினும், எறியுந் தோள் பதினெட்டு வயதோடு முடிந்தது. அதன்பின்னரே போட்டிக்கு வரும் எறிவீரரின் தோளையும் முழங்கையையும் வைத்தியர் சோதிக்கும் முறை ஏற்பட்டது.

வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளிற் குருத்தெலும்பாலான மெல்லிய தட்டுக்கள் உள்ளன. அவற்றின்வழியே எலும்பு நீள்கிறது. வளர்ச்சி முடியுங்காலத்தில் அவை இறுகி எலும்பாகும். அதுவரை மூட்டின் நலிந்த இடம் அவையே. முழங்கையின் உட்புறத்தில் எலும்போடு எலும்பைப் பிணிக்கும் நாரொன்றும் உண்டு. ஒவ்வோர் எறியிலும் அந்நார் இழுபடுகிறது. ஓய்விருப்பின் நுண்ணிய சிதைவுகளை உடலே செப்பஞ்செய்யும். ஓய்வின்றேல் சிதைவின்மேற் சிதைவு சேர்ந்து ஒருநாள் அறுந்துபோம். மேலும், களைப்புற்றவனின் காலும் இடுப்பும் தம் பங்கைச் செய்யத் தவறுவதால், பாரம் முழுவதையும் தோளும் முழங்கையுமே தாங்க நேர்கிறது.

அறுந்த நாரைப் புதுப்பிக்கும் சத்திரசிகிச்சையை 1974இல் அமெரிக்க வைத்தியர் பிராங்க் ஜோப் முதன்முதலிற் செய்தார். மற்றக் கையிலிருந்து எடுத்த நாரைப் பொருத்தினார். சிகிச்சை பெற்ற வீரர் ரொமி ஜோன் 1976இல் மீண்டும் ஆடவந்தார். அச்சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்தது. மட்சுசாக்காவும் 2011இல் அதனைச் செய்துகொண்டார். ஆயின் கத்தி கொண்டு செப்பனிடலாம் என்பதற்காகப் பிள்ளையின் கையைக் கெடவிடுவார் உளரோ?

எண்ணிக்கையும் எதிர்ப்பும்

யப்பானிய விளையாட்டு மருத்துவர் 1995இலேயே அளவு வகுத்துக் கூறினர். ஆரம்பப் பள்ளிச் சிறுவர் நாளொன்றுக்கு 50, வாரத்துக்கு 200; இடைநிலைப் பள்ளியினர் 70, 350; உயர்நிலைப் பள்ளியினர் 100, 500. இவற்றின் மேல் எறியலாகாது என்பது அவர் அறிவுரை. அமெரிக்காவில் 2014இல் வகுத்த நெறிமுறை ஓய்வு நாட்களையும் கணக்கிட்டுக் கூறுகிறது. பதினேழு, பதினெட்டு வயதினர் ஒருநாளில் 105 பந்துகளுக்குமேல் எறியலாகாது. எண்பதைத் தாண்டினால் நான்கு நாட்கள் ஓய்வு வேண்டும். ஆண்டிற் சில மாதங்கள் பந்தெறிதலை முற்றாக விட்டுவிடல் வேண்டும் என்றும் அது கூறும்.

அறிவுரை விதியாக மாறக் காலஞ் சென்றது. நீகாத்தா மாகாணத்தார் 2018 டிசம்பரில் ஆட்டத்துக்கு நூறு பந்தென வரையறுக்க முன்வந்தனர். நாடளாவிய சங்கம் மறுபரிசீலனை வேண்டியதால் 2019இல் அதனைக் கைவிட்டனர். சங்கத்தின் தயக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. பெரும் பள்ளிகளில் நல்ல எறிவீரர் மூவர் நால்வர் இருப்பர். சிற்றூர்ப் பள்ளியில் ஒருவனே இருப்பான். வரையறை வந்தால் எளியவனின் ஒரே படைக்கலமும் பறிபோகுமே என்பது அவர் கவலை. ஈற்றில் ஒரு வாரத்துள் 500 பந்துக்கு மேல் எறியலாகாது என்னும் விதி 2020இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டுப் போட்டிகள் கொள்ளைநோயால் நின்றமையின், கோஷியெனில் அவ்விதி 2021 வசந்தத்திலேயே முதன்முறை பயன்பட்டது. இதற்கிடையிற் காலிறுதியின்பின் ஓய்வுநாளும், சமநிலையை விரைந்து தீர்க்கும் முறையும் புகுத்தப்பட்டிருந்தன.

விதி வருமுன்னரே அதன் கருத்தைத் தாமாக மேற்கொண்டவர் ஒருவரை இங்கே நினைத்தல் தகும். 2019 ஜூலையில் இவாத்தே மாகாண இறுதியாட்டம். ஒபுனாத்தோ உயர்நிலைப் பள்ளி 35 ஆண்டுகளாகக் கோஷியெனைக் காணாத பள்ளி. அதன் எறிவீரன் சசாக்கி றோக்கி மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் எறியவல்லவன். 2011 ஆழிப்பேரலையில் தந்தையை இழந்தவன். சில நாட்களின் முன் ஓராட்டத்தில் 194 பந்தும், முதல்நாள் அரையிறுதியில் 129 பந்தும் எறிந்திருந்தான். இறுதியாட்டத்தில் இளம் பயிற்சியாளர் அவனை இறக்கவேயில்லை. பள்ளி 12க்கு 2 எனத் தோற்றது. ஊரார் வருந்தினர், பள்ளிக்குத் தொலைபேசியிற் கண்டனங்கள் குவிந்தன.

சசாக்கி பின்னர்த் தொழில்முறை அணியிற் சேர்ந்தான். முதலாண்டு முழுவதும் முதலணி ஆட்டத்தில் இறக்காது அவன் உடலை வளர்த்தனர். 2022 ஏப்பிரல் 10இல், எதிரணியில் ஒருவரையும் முதற்றளத்துக்கேனும் செல்லவிடாது ஒன்பது சுற்றையும் முடித்தான். யப்பானில் 28 ஆண்டுகளாக எவரும் செய்யாத செயல் அது. 2025இல் அமெரிக்காவில் ஆடச் சென்றவன் தோள் உபாதையாற் சில மாதங்கள் ஒதுங்கியிருக்கவும் நேர்ந்தது. ஓய்வு காப்பாகும், வரமாகாது. எனினும் 17 வயதில் அவன் தோள் முடிந்துபோகவில்லை என்பது மட்டும் உண்மை.

நாம் அமர்ந்த வரிசையில் முதியவர் ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற ஆசிரியராம். மடியில் ஒரு குறிப்பேடு. ஒவ்வோர் எறிக்கும் ஒரு கோடு. ஓட்டங்களை ஏன் குறிக்கவில்லை என வினவினோம். “அதைப் பலகை காட்டும், ஐயா. நான் இந்தப் பிள்ளையின் கையை எண்ணுகிறேன்” என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்திற் கூறினார். ஏழாஞ் சுற்றில் எறிவீரன் மாற்றப்பட்டான். பெரிய கரவொலி எழுந்தது. முதியவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தாமும் கைதட்டினார். முன்னாளில், மாற்றப்படுபவன் தலை குனிந்து செல்வானாம்.

கற்பிக்குந் தொழிலினராகிய நமக்கு அது பெரும் பாடமாகத் தோன்றியது. ‘இன்னும் முடியும்’ என்பான் மாணவன். முடியாதென ஒருபோதும் சொல்லான். அணியின் பெருமையும் பள்ளியின் பெயரும் அவன் வாயை அடைத்துவிடும். ஆதலின், போதும் என்று சொல்லுங் கடமை பெரியவர்க்கு உரியது. நம் கல்லூரி மைதானங்களிலும் வேகப் பந்துவீசும் பிள்ளைகள் உளர். அவர்க்குக் கேடு முதுகிலும் தோளிலும் வரக்கூடும். இங்கிலாந்தில் இளம் வேகப் பந்துவீச்சாளர்க்கு வயதுக்கேற்ப ஓவர்களை வரையறுத்துள்ளனர். நாமும் எண்ணப் பழகலாம். அதற்கு ஒரு பென்சிலும் குறிப்பேடும் போதும்.

பிள்ளைகள் தாமும் சிலவற்றை மனங்கொள்ளல் நன்று. எறியுமுன் உடலைச் சூடேற்றுக. தோளை மட்டும் நம்பாது காலையும் இடுப்பையும் வலுப்படுத்துக. நோவை ஒளியாது கூறுக. ஆண்டு முழுவதும் ஒரே விளையாட்டையே ஆடாது மாற்றி ஆடுக.

மாலை சாயுங்கால் கடற்காற்று வீசத் தொடங்கிற்று. கடைசி ஆட்டத்தில் தோற்ற பிள்ளைகள் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தனர். வலது கையால் அள்ளினர், நோவின்றி அள்ளினர். நாம் இரயில் நிலையத்தை நோக்கி நடந்தோம்.