கிழிந்த நோட்டுப் புத்தகம்

பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரை விட்டுப் பட்டணம் வந்து குடியேறியிருக்கிற பெற்றோர் அநேகர் இந்தப் பக்கங்களை வாசிக்கிறீர்கள். உங்களில் ஒருவனாக, என் வீட்டில் நடந்த ஒரு காரியத்தை மறைக்காமல் எழுதுகிறேன். இதில் குற்றவாளி நான்தான்.

தென்காசிக்கு அருகேயுள்ள ஒரு கிராமத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து பத்தொன்பது வருஷங்கள் ஆகின்றன. பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். நாங்கள் குடியிருக்கும் சந்தில் மலையாளிகளும், கொங்கணி பேசுகிறவர்களும், குஜராத்திக் குடும்பத்தாரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள். பிள்ளைகள் விளையாடும்போது ஒரே வாக்கியத்தில் மூன்று பாஷைகள் கேட்கும். என் மகனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். இந்தக் காரியம் நடந்த 2023-ஆம் ஆண்டில் அவனுக்குப் பன்னிரண்டு வயது.

எங்கள் வீட்டில் சினிமா பார்க்கும் வழக்கம் இல்லை. ஆனால் சந்தில் உள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் "மின்னல் முரளி" என்ற மலையாளப் படம் மனப்பாடம் என்பது எனக்குத் தெரியும். பேசில் ஜோசப் இயக்கிய அந்தப் படம் 2021 டிசம்பர் 24 அன்று நெட்ஃப்ளிக்ஸில் வெளியாயிற்று. தமிழிலும் மற்றப் பாஷைகளிலும் குரல் மாற்றப்பட்டது. அதன் படப்பிடிப்புக்காகக் காலடியில் பெரியாற்றங்கரையில் அமைத்திருந்த ஆலய அரங்கத்தை 2020 மே மாதத்தில் ஒரு கும்பல் இடித்தபோதுதான் நான் அந்தப் பெயரைச் செய்தித்தாளில் முதன்முதலாகப் படித்தேன். கதை இதுதான்: குறுக்கன்மூலை என்ற கற்பனைக் கிராமத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில், ஜெய்சன் என்ற தையற்காரனையும் ஷிபு என்ற எளியவனையும் மின்னல் தாக்குகிறது. இருவருக்கும் அபூர்வ பெலன் உண்டாகிறது. ஜெய்சன் ஊரைக் காக்கிறவன் ஆகிறான். ஊராரால் ஒதுக்கப்பட்ட ஷிபு, தான் நேசித்தவளையும் இழந்து, முடிவில் ஊரையே எரிக்கப் புறப்படுகிறான். ஷிபுவாக நடித்தவர் குரு சோமசுந்தரம். "ஆரண்ய காண்டம்", "ஜோக்கர்" ஆகிய தமிழ்ப் படங்களில் நடித்தவர். நம்முடைய பாஷைக்காரர் ஒருவர் மலையாளம் கற்றுக்கொண்டு அப்படி நடித்தார் என்று மண்டியில் எல்லாரும் வியந்து பேசினார்கள்.

அந்த வருஷம் ஜூலை மாதத்தில், அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் நடந்த காமிக்ஸ் பெருவிழாவையொட்டி ஒரு செய்தி வந்தது. மின்னல் முரளியைச் சித்திரக்கதையாக்கப் போகிறார்கள். படத் தயாரிப்பாளருடனும் நடிகர் ராணா டகுபதியின் நிறுவனத்துடனும் "டிங்கிள்" சேர்ந்துகொள்கிறது என்பதே அது. அன்று மாலை எங்கள் சந்து சந்தையாயிற்று. "மலையாளத்தில் வராவிட்டால் அது நம்முடைய முரளியே அல்ல" என்றான் ஒருவன். "டொவினோவின் முகம் அப்படியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்கமாட்டேன்" என்றாள் ஒரு சிறுமி. "சின்னப் பிள்ளைகளின் புத்தகக்காரர்கள் அவனைக் கோமாளியாக்கிவிடுவார்கள்" என்று கவலைப்பட்டான் பக்கத்து வீட்டுக் கொங்கணிப் பையன். ஒரு பக்கமும் அச்சாகாத புத்தகத்துக்காக இவ்வளவு வாக்குவாதம்! நான் திண்ணையிலிருந்து சிரித்துக்கொண்டேன்.

என் மகன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அதில் ஷிபு வருவாரா?"

எல்லாரும் அவனைப் பார்த்து நகைத்தார்கள். "அவன்தான் செத்துப்போனானே!" அதற்குப் பின் ஒரு பையன் சொன்ன வார்த்தை என் காதில் விழுந்தது, ஆனாலும் அதன் பாரம் எனக்கு விளங்கவில்லை. "சுப்பாண்டிக்குச் சுப்பாண்டி கதைதானே வேண்டும்" என்றான் அவன்.

சித்திரக்கதையின்மேல் பிள்ளைகள் கொள்ளும் வைராக்கியம் நம் தெருவுக்கு மாத்திரம் உரியதல்ல. மலையாளச் சிறுவர் இதழான "பாலரமா"வில் 1984 முதல் வருகிற மாயாவி கதையில், ஈட்டியின்மேல் ஏறிப் பறக்கிற லுட்டாப்பி என்ற குட்டிச்சாத்தான் உண்டு. 2019 பிப்ரவரியில் டிங்கினி என்ற புதிய பாத்திரம் வரப்போகிறது என்று அறிந்தவுடன், லுட்டாப்பியை நீக்கிவிடுவார்களோ என்று கேரளமெங்கும் கூக்குரல் எழும்பிற்று. மீசை முளைத்த வாலிபர்களும் வெளிநாட்டில் உத்தியோகம் பார்க்கிறவர்களும் "லுட்டாப்பியைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினார்கள். அவனை நீக்கமாட்டோம் என்று பத்திரிகையே தெரிவிக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் லுட்டாப்பி அந்தக் கதையில் நல்லவர்களின் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன்!

அமெரிக்காவிலும் அப்படியே. 1977-இல் "ஸ்டார் வார்ஸ்" படம் திரைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே மார்வெல் நிறுவனம் அதன் சித்திரக்கதையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. படத்தின் கதை தீர்ந்தபின் புதிய பாத்திரங்களைச் சேர்த்தார்கள். அவற்றில் பச்சை நிற முயல் ஒன்று அந்நாட்களில் பரியாசத்துக்குரியதாயிற்று. 2014 ஏப்ரலில், அதுவரை வெளிவந்த அநேக நாவல்களும் சித்திரக்கதைகளும் இனி மூலக்கதையில் சேராது, அவை "லெஜண்ட்ஸ்" மாத்திரமே என்று உரிமையாளர்கள் அறிவித்தபோது, அவைகளை வாசித்து வளர்ந்தவர்கள் தங்கள் வீட்டுப் பொருளைப் பறிகொடுத்தவர்களைப்போல் மனமடிந்தார்கள். ஆனாலும் 2015 ஜனவரியில் மார்வெல் புதிய வரிசையைத் தொடங்கியபோது முதல் இதழ் ஏறத்தாழ பத்து லட்சம் பிரதிகள் விற்றது.

காரணம் என்ன? திரைப்படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துபோகும். கதை மனதில் முடிவதில்லை. பார்த்தவன் தன் உள்ளத்தில் அதன் மறுபக்கத்தை எழுதிக்கொண்டே இருக்கிறான். புதிய சித்திரக்கதை வருகிறது என்றால், தான் அந்தரங்கமாக எழுதி வைத்ததை வேறொருவர் அடித்துவிடுவாரோ என்ற பயம் அவனுக்கு உண்டாகிறது. பிள்ளைகள் போடும் கூச்சலுக்கு அடியில் இருப்பது இந்தப் பயமே. அன்று திண்ணையில் உட்கார்ந்து சிரித்த எனக்கு இது தெரியாமற்போயிற்று.

சில நாட்களுக்குப் பின் மகனுடைய பையில் கணக்கு நோட்டைத் தேடினேன். தடித்த நோட்டு ஒன்று அகப்பட்டது. திறந்த பக்கத்தில் வைக்கோல் பொம்மையின் முகமூடி அணிந்த ஒரு மனிதன்; அவனைச் சுற்றிலும் நெருப்பு. அடுத்த பக்கத்திலும் நெருப்பு. எனக்குக் கோபம் மூண்டது. "படிக்கிற பிள்ளை வரைகிற படமா இது? கொலைகாரனையா வரைவது?" என்று சத்தமிட்டு, அவன் கண்முன்பாகவே பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். அவன் அழவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூன்று நாட்கள் என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை.

மூன்றாம் நாள் இரவில் என் மனைவி, குப்பையில் போடாமல் எடுத்து வைத்திருந்த காகிதத் துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து என் முன் வைத்தாள். "கிழிக்கிறதுக்கு முன்னே வாசிச்சீங்களா?" என்று மாத்திரம் கேட்டாள்.

மறுநாள் மதியம் மண்டியில் சாப்பாட்டு வேளையில், ரசீது ஒட்டுகிற பசையைக்கொண்டு அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்தேன். மொத்தம் பதினாறு பக்கங்கள். படம் எங்கே முடிகிறதோ அங்கே என் மகனுடைய கதை ஆரம்பிக்கிறது. ஷிபு சாகவில்லை. நான் பார்த்த நெருப்பெல்லாம் முதல் இரண்டு பக்கங்களில்தான். மூன்றாம் பக்கத்தில் ஊரார் தண்ணீர் கொண்டுவந்து அணைக்கிறார்கள். பிறகு நீதிமன்றம் வருகிறது. அவன் செய்த குற்றங்களுக்காகச் சிறைக்குப் போகிறான். பன்னிரண்டாம் பக்கத்தில் தையற்காரன் ஜெய்சன் சிறைக்கு வந்து, தானே தைத்த ஒரு சட்டையைக் கொடுக்கிறான். கடைசிப் பக்கத்தில் ஊரார் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒரே வசனம் வருகிறது: "உன்னைக் கேலி செய்தோம், மன்னித்துக்கொள்." அந்த வரிசையில் நிற்கிறவர்களில் சிலர் பள்ளிச் சீருடை அணிந்திருந்தார்கள்.

என் கையில் பசை காய்ந்துபோயிற்று. நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்திருந்தேன்.

அன்று மாலை அவனை அழைத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தேன். "தம்பி, அப்பா வாசிக்காமல் கிழித்தது தப்பு. என்னை மன்னித்துவிடு" என்றேன். வெகுநேரம் கழித்து, "பள்ளிக்கூடத்தில் என்னைச் 'சுப்பாண்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள் அப்பா. சிலர் 'பாண்டி' என்கிறார்கள். ஒரு வருஷமாக" என்றான்.

இந்த ஊரில் தமிழரை இழிவாய்ச் சுட்டும்போது "பாண்டி" என்பது வழக்கம். எனக்கும் அந்தப் பெயர் கிடைத்ததுண்டு, துடைத்துப் போட்டுவிட்டேன். பிள்ளை துடைக்கத் தெரியாமல் சுமந்திருக்கிறான். மின்னல் முரளி எந்தப் புத்தகக்காரர்களிடம் வருகிறானோ, அவர்களிடத்தில்தான் சுப்பாண்டியும் இருக்கிறான். அந்தச் செய்தி கேட்ட மாலையில் மற்றப் பிள்ளைகள் முரளியைப்பற்றிக் கவலைப்பட்டார்கள். இவன் இனிப் பரியாசம் இரட்டிப்பாகுமே என்று கவலைப்பட்டிருக்கிறான். "படத்தில் எல்லாரும் ஷிபுவைப் பார்த்துப் பயந்தார்கள் அப்பா. ஒருத்தரும் மன்னிப்புக் கேட்கவில்லை. புத்தகத்திலாவது கேட்கட்டும் என்று வரைந்தேன்" என்றான்.

அப்பொழுது எனக்குத் தெரிந்த ஒரு சங்கதியை அவனுக்குச் சொன்னேன். டிங்கிளை 1980-இல் அனந்த் பாய் தொடங்கினார். சுப்பாண்டி 1983-இல் அதில் வந்தான். அவனுடைய முதல் கதைகளை எழுதி அனுப்பியவர் திருச்சியைச் சேர்ந்த ஒரு வாசகர். நம் தமிழ்நாட்டில் வாய்மொழியாய் வழங்கிய கதைகள் அவை. "நம்முடைய ஜனங்கள் தங்களைப் பார்த்துத் தாங்களே சிரிப்பதற்காகச் சொன்ன கதை அது. நாமே சிரித்தால் விளையாட்டு, அதையே எடுத்துப் பிறரை அடித்தால் கல்" என்றேன். அவன் சற்று யோசித்து, "அப்படியானால் சுப்பாண்டியும் மன்னிப்புக் கேட்கிற வரிசையில் நிற்க வேண்டாம், ஷிபு பக்கத்தில் நிற்கட்டும்" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

இன்னொன்றையும் அவனிடத்தில் ஒத்துக்கொண்டேன். 1972-இல் சிவகாசியிலிருந்து "முத்து காமிக்ஸ்" தொடங்கியது. அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. என் சிறுவயதில் அந்தப் பழைய இதழ்களைக் காசு சேர்த்து வாங்கி நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஒருநாள் என் தகப்பனார் அவற்றை வெந்நீர் அடுப்பில் போட்டார். "ஏன் இதை வாசிக்கிறாய்?" என்று அவர் கேட்கவில்லை. அவர் அன்புள்ளவர், எனக்காகப் பிரயாசப்பட்டவர். ஆனாலும் அன்றுமுதல் என் மனதில் இருந்ததை அவரிடத்தில் சொல்வதை நிறுத்திவிட்டேன். அவர் மரிக்கும்வரைக்கும் அந்தக் கதவு திறக்கவேயில்லை. அதே கதவை என் மகனுக்கும் எனக்கும் நடுவே நானே இழுத்துச் சாத்தப் பார்த்தேனே என்பதுதான் என் வேதனை.

அந்த வாரமே பள்ளிக்குச் சென்று வகுப்பாசிரியரிடம் பேசினேன். முழுவதும் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், குறைந்தது. அதைவிடப் பெரிய காரியம், பக்கத்து வீட்டுக் கொங்கணிப் பையன் ஒட்டுப்போட்ட அந்த நோட்டை வாங்கி வாசித்துவிட்டு, "பதினேழாம் பக்கம் எப்போது?" என்று கேட்டது. சந்தில் பிள்ளைகள் இப்போது அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள்.

பெற்றோரே, பிள்ளைகளின் கையில் இருக்கிற எல்லாப் புத்தகமும் நல்லது என்று நான் சொல்லவில்லை. வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு நமக்கு உண்டு. ஆனால் முதலில் வாசியுங்கள். "இதில் உனக்கு யாரைப் பிடிக்கும்? யாருக்காக உனக்கு வருத்தம்? நீ எழுதினால் முடிவை எப்படி எழுதுவாய்?" என்று கேளுங்கள். நாம் பல வருஷம் பக்கத்தில் இருந்தும் அறியாததை அந்த மூன்று பதில்கள் நமக்கு அறிவித்துவிடும்.

அந்த நோட்டு இப்போது எங்கள் வீட்டு அலமாரியில், ரேஷன் கார்டும் பிறப்புச் சான்றிதழும் இருக்கிற தட்டில் இருக்கிறது. பசை காய்ந்து பக்கங்கள் தடித்துப்போயின. மூடினாலும் முழுவதும் மூடுவதில்லை. புது நோட்டில் எழுதிக்கொள்ளலாமே என்றேன். "வேண்டாம் அப்பா, இதிலேயே இருக்கட்டும்" என்றான்.