கலனையும் கடுக்காயும்

கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஜட்கா வண்டிகள் வரிசையாக நின்ற காலத்தை நாற்பது வயதைக் கடந்தவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வண்டிக் குதிரைகளின் கழுத்துப்பட்டை, முதுகுச் சேணம், கடிவாள வார் ஆகியவற்றுள் பல எங்கள் வீட்டுத் திண்ணையில் தைக்கப்பட்டவை. உழவு மாடுகளின் சலங்கைப் பட்டைகளையும், கவலை ஏற்றத்துக்கான தோல் சாலையும் எங்கள் தந்தையாரே செய்து கொடுத்தார். நாங்கள் பிள்ளைகள் இருவர். மூத்தவன் தமிழில் முதுகலை முடித்துக் கல்லூரி ஆசிரியனானான். இளையவன் தந்தையாரின் குத்தூசியை வாங்கிக்கொண்டான். இக்கட்டுரையை எழுதுபவன் மூத்தவன். எனினும் 'நான்' என்று எழுத மனம் ஒப்பவில்லை. ஈரத்தோலை இருவர் இருபுறமும் பற்றி இழுத்தால்தான் அது மரச்சட்டத்தின்மேல் சுருக்கமின்றிப் படியும். இந்த நினைவையும் அப்படித்தான் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கலனைக்கு எல்லாத் தோலும் ஆகாது. குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையாக இருக்கும். ஆனால் சுமையேற ஏற நீண்டுகொண்டே போகும். ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிக் கடுக்காய் நீரில் தோய்ந்து வந்த தோலே நனைத்து வளைத்த வடிவத்தைக் காய்ந்தபின்னும் விடாமல் வைத்துக்கொள்ளும். நூறாண்டுகளுக்கும் மேலாக 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ள தோல் இதுதான். அப்பா இதனை ஈரோட்டிலிருந்து தருவிப்பார். தோல் வந்து இறங்கியதும் முகர்ந்து பார்ப்பார். "நம்ம மலை வாசனை அடிக்குது பாருங்கடா" என்பார்.

அவர் சொன்னதில் மிகை இல்லை. கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் கடுக்காய் பொறுக்கிக் கீழ்நாட்டுக்கு அனுப்புவது நெடுநாள் வழக்கம். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் கிடந்த மலை அது. ஆண்டுக்கொரு முறை அப்பா எங்களையும் அழைத்துக்கொண்டு கச்சிராயப்பாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறுவார். அவருக்கு வேண்டியது தேன்மெழுகு. நூலுக்கு மெழுகு ஏற்றாவிட்டால் மழையிலும் வியர்வையிலும் நூல் உளுத்துவிடும். மலைக் குடிசைகளின் முற்றத்தில் கடுக்காய் காய்ந்துகொண்டிருக்கும். அதைப் பொறுக்கியவருக்கு அது எங்கே போகிறதென்று தெரியாது. தோலை வாங்குபவருக்கு அது எங்கிருந்து வந்ததென்று தெரியாது. நடுவில் இருந்த எங்கள் திண்ணைக்கு இரண்டும் தெரிந்திருந்தன.

தமிழ் நிலத்துக்குக் குதிரை வந்தேறிய விலங்கு. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்கியதையும், பேணத் தெரிந்தவர் இன்மையால் அவை விரைவில் மடிந்ததையும் எழுதிவைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து 'வேலர்' என்னும் குதிரைகள் சென்னையில் வந்திறங்கின. எங்கள் ஊரிலிருந்து ஒரு பகல் பயணத்துக்குள் இருக்கும் செஞ்சியில், 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேசிங்குராஜனின் கதையை இன்றும் பாடுகிறார்கள். அவனுடைய குதிரைக்குப் பாராசாரி என்றும் அவன் தோழன் மகபத்கானின் குதிரைக்கு நீலவேணி என்றும் அக்கதைப்பாடலில் பெயருண்டு. கலனை, பல்லணம், சேணம், அங்கவடி என்று தமிழில் சொற்களுக்கும் பஞ்சமில்லை. அவற்றைத் தைத்தவன் பெயரைத்தான் எங்கும் காணோம்.

2011ஆம் ஆண்டு ஆடி மாதம் முடிந்த சில நாள்களில், சின்னசேலம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் காரில் வந்து எங்கள் திண்ணையில் ஒரு கலனையை இறக்கிவைத்தார். அமெரிக்காவில் சில ஆண்டுகள் பணிசெய்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியவர். அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையில் ஒரு மார்வாரிக் குதிரை வாங்கியிருந்தார். கலனையோ அமெரிக்க மாட்டிடையர்களின் கலனை. முன்புறம் கொம்பு போன்ற ஒரு முளை. பின்புறம் உயர்ந்த சாய்வு. 15 கிலோவுக்குக் குறையாத எடை. அப்பா அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. ஒரு பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் இரு கைகளாலும் வாங்கி மடியில் கிடத்திக்கொண்டார்.

அந்த இளைஞர் தம் மடிக்கணினியில் சில காட்சிகளைக் காட்டினார். 'குவார்ட்டர் ஹார்ஸ்' என்பது அமெரிக்கக் குதிரையினம். கால் மைல் ஓட்டத்தில் மிஞ்ச ஆளில்லாததால் அதற்கு அப்பெயர். அதற்கெனச் சங்கம் அமைந்தது 1940இல். மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரித்து நிறுத்தும் போட்டியில், சவாரி செய்பவர் கடிவாள வாரைத் தளரவிட்டுவிடுகிறார். அதன்பின் மாடு எந்தப் பக்கம் திரும்பினாலும் குதிரை தானாகவே பாய்ந்து மறிக்கிறது. மற்றொரு போட்டியில் முழு ஓட்டத்தில் வரும் குதிரை பின்னங்கால்களை மடக்கிச் சறுக்கி நிற்கிறது. கலனையின் கொம்பு, எறிகயிற்றில் சிக்கிய மாட்டின் இழுப்பைத் தாங்குவதற்காக. கயிற்றை அதில்தான் சுற்றுவார்கள். ஆஸ்திரேலிய இடையர்களின் மரபான கலனையில் இந்தக் கொம்பு கிடையாது. தொடை நழுவாதிருக்க முன்புறம் இரு திண்டுகள் இருக்கும். அப்பா எல்லாவற்றையும் வாய் திறவாமல் பார்த்தார். கடைசியில், "மாடு மேய்க்கிறவங்களுக்கு அந்த ஊர்ல இவ்ளோ மருவாதியா?" என்று மட்டும் கேட்டார்.

கலனையின் உட்புறத்தில் செய்த ஊரின் பெயர் பொறித்திருந்தது: கான்பூர். நாங்கள் சிரித்துவிட்டோம். 1860களில் ஆங்கிலேயர் படைக்கெனச் சேணத் தொழிற்சாலை கண்ட ஊர் அது. இன்று உலகின் பல நாடுகளுக்குக் கலனைகளை ஏற்றுமதி செய்கிறது. அமெரிக்க இடையனின் கலனையைக் கங்கைக்கரைத் தொழிலாளி தைக்க, அது கோமுகி ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருந்தது.

வந்த காரணம் புண். குதிரையின் முதுகில், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டின் இருபுறமும் தோல் உரிந்திருந்தது. மறுநாள் அப்பா தோட்டத்துக்குப் போய்க் குதிரையைச் சிறிது நேரம் நடத்தச் சொல்லிக் கலனையை இறக்கிப் பார்த்தார். முதுகெல்லாம் வியர்வையில் நனைந்திருக்க, இரண்டு கையகல இடங்கள் மட்டும் காய்ந்து கிடந்தன. அங்கே அழுத்தம் மிகுதி என்பதற்கு அதுவே அடையாளம். ஏற்கெனவே சில வெள்ளைமயிர்களும் முளைத்திருந்தன. அழுத்தத்தால் தோல் நலிந்த இடத்தில் மயிர் நிறமிழந்தே முளைக்கும். குவார்ட்டர் குதிரையின் முதுகு அகன்றது. மார்வாரியின் முதுகு ஒடுங்கி மேடு உயர்ந்தது. அகன்ற சட்டம் ஒடுங்கிய முதுகில் இறங்கி மேட்டைக் கவ்விவிட்டது. "துணி மடிச்சுப் போட்டா தீராதுங்க. உள்ள இருக்கிற எலும்பையே மாத்தணும்" என்றார் அப்பா. அவர் எலும்பு என்றது கலனையின் மரச்சட்டத்தை.

புதிய சட்டத்துக்கு நுணா மரத்தைத் தேர்ந்தார். நுகத்தடிக்கு ஆகும் மரம், எடை குறைவு. கெட்டிக் கம்பியைக் குதிரையின் முதுகில் மூன்று இடங்களில் வளைத்து அளவெடுத்து, அதற்கேற்பச் செதுக்கி, பதனிடாத பச்சைத்தோலை நனைத்துப் போர்த்தி நிழலில் உலர்த்தினார். காயக் காயத் தோல் இறுகி மரத்தைக் கவ்விக்கொள்ளும். பறைக்குத் தோல் கட்டும் அதே முறை. அமெரிக்கக் கலனைகளுக்கும் இம்முறையே என்று பின்னர் அறிந்தோம். தையல் முழுவதும் கையால். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராகச் செலுத்தும் தையல் அது. எந்திரத் தையலில் ஓரிடம் அறுந்தால் வரிசையாகப் பிரியும். இதில் ஓரிடம் அறுந்தாலும் மற்றவை நிற்கும். நாற்பது நாள் வேலை. பகலில் இளையவன் உடனிருந்தான். கல்லூரி விட்டு வந்தபின் மூத்தவனும் தோலைப் பிடித்தான்.

கலனையை ஒப்படைக்க மூவரும் போனோம். குதிரை சிலிர்க்காமல் நின்றது. இளைஞர் ஏறிச் சுற்றி வந்து, மகிழ்ச்சியில் அப்பாவின் கையைப் பற்றிக் குலுக்கினார். அப்போது வீட்டுக்குள்ளிருந்து வந்த முதியவர் ஒருவர், மூத்தவன் கல்லூரியில் பணிபுரிவதை அறிந்து, "அட, சார் நீங்களா? உள்ள வாங்க சார், காப்பி சாப்பிடலாம்" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "நீ அந்தக் கொட்டாய்ல உக்காரு, அனுப்பறேன்" என்றார். அவர் குரலில் கடுமை எதுவும் இல்லை. வெயிலாயிருக்கிறதே என்று சொல்வதுபோல் இயல்பாகச் சொன்னார். எங்கள் தெருவின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது, அது போதுமானதாயிருந்தது.

மூத்தவன் உள்ளே போனான்.

மறுக்கலாம் என்று தோன்றுமுன் கால் படியேறிவிட்டது என்று நெடுநாள் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அது உண்மையில்லை. தோன்றியது; தோன்றியபின்னும் ஏறியது. உள்ளே வெள்ளித் தம்ளரில் காப்பி. சன்னல் வழியே கொட்டகை தெரிந்தது. அப்பாவும் இளையவனும் காகிதக் குவளையில் குடித்துக்கொண்டிருந்தார்கள். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்ற சொல் பொருந்தாத இடம் அது ஒன்றே. திரும்பும் வழியில் அப்பா அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "அந்த வலது பக்க வார் ஒரு துளை இறக்கியிருக்கலாம்" என்றார்.

புறநானூற்றில் 82ஆம் பாடலை நாங்கள் பலமுறை வகுப்பில் நடத்தியிருக்கிறோம். சாத்தந்தையார் பாடியது. ஊரில் திருவிழா, மனைவிக்குப் பேறுகாலம், பொழுது சாய மழையும் பிடித்துக்கொண்டது. வீடு திரும்பத் துடிக்கும் ஒரு தொழிலாளி கட்டிலுக்குத் தோல்வார் பின்னுகிறான். அவன் கையிலுள்ள ஊசியின் விரைவைச் சோழன் கோப்பெருநற்கிள்ளி செய்த போருக்கு உவமையாக்குகிறார் புலவர். உவமையின் அழகை விரிப்போம். தொழிலாளியைச் சுட்டும் அச்சொல் வந்ததும் 'தாழ்ந்தோன் என்பது பொருள்' என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவோம். தந்தை என்ன செய்கிறார் என்று கேட்ட உடன்பணியாளர்களிடம் 'தோல் வியாபாரம்' என்றே சொல்லிவந்த வாய் அது.

அந்த ஆண்டு அப்பாடல் மீண்டும் வந்தது. அன்று அப்பாவின் குத்தூசியையும் ஒரு முழத் தோல்வாரையும் வகுப்புக்குக் கொண்டுபோனோம். 'போழ்' என்றால் இது. ஊசி இப்படிச் செல்லும் என்று தைத்துக் காட்டினோம். பின், அச்சொல்லைப் பலகையில் எழுதி, இது எங்கள் தந்தையைக் குறிக்கும் சொல் என்றோம். வகுப்பு அமைதியாக இருந்தது. கைதட்டலோ கண்ணீரோ இல்லை. மணியடித்ததும் எல்லாரும் போனார்கள். கடைசி வரிசை மாணவர் ஒருவர் மட்டும் மேசையருகே வந்து வாரைத் தொட்டுப் பார்த்து, "இது ஆவாரந்தோலா சார், குரோமா?" என்று கேட்டார். கேள்வியிலிருந்தே அவருடைய வீடு எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

வகுப்பில் நடந்ததை அப்பாவிடம் சொன்னோம். பாட்டில் அவன் கட்டிலை முடித்தானா, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா என்று கேட்டார். புலவர் அதைச் சொல்லவில்லை என்றோம். "மொடிச்சிருப்பான். மொடிக்காம எந்திரிக்க மனசு வராது" என்றார்.

அவர் 2016இல் மறைந்தார். கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. ஜட்காக்கள் நின்ற இடத்தில் ஆட்டோக்கள் நிற்கின்றன. இளையவன் பள்ளிப் பைகளுக்கும் செருப்புகளுக்கும் தையல் போடுகிறான். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ கலனை வேலையும் வருகிறது. அந்த மார்வாரிக் குதிரைக்கு வயதாகிவிட்டது. சென்ற மாதம் கலனையின் அங்கவடி வார் தேய்ந்து, அந்த இளைஞர் (இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது) தாமே கொண்டுவந்தார். அப்பா செய்த சட்டம் அசையவில்லை. குதிரையின் முதுகில் அதன்பின் புண்ணே வந்ததில்லை என்றார். திண்ணையில் எங்களோடு அமர்ந்து எங்கள் வீட்டுத் தம்ளரில் காப்பி குடித்தார். தம் தந்தையைப் பற்றி ஏதோ சொல்லவந்து நிறுத்திக்கொண்டார். நாங்களும் கேட்கவில்லை.

அவர் போனபின் கலனையைப் புரட்டி வைத்தோம். மூத்தவன் தோலின் ஒரு முனையைப் பிடிக்க, இளையவன் ஊசியில் மெழுகேற்றினான்.